கடைக் கணினிக்குக் காவலர் யார்?

மும்பைத் தாராவியின் தோல்பொருள் பட்டறையிலும், தில்லி கரோல்பாகின் மளிகைக் கடையிலும், அகமதாபாத் மணிநகரின் அச்சகத்திலும் இன்று ஒரு கணினி இருக்கிறது. பட்டியல் போடுவதற்கும், வரிக்கணக்கைத் தாக்கல் செய்வதற்கும், வாடிக்கையாளரின் பற்று வரவைக் குறித்து வைப்பதற்கும் அதுவே துணை. தமிழ்நாட்டிலிருந்து வந்து தொழில் நடத்தும் குடும்பங்களில், திரையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ புரியாத அறிவிப்பு ஒன்று தோன்றினால், கடைக்காரர் முதலில் அழைப்பது பள்ளியிலிருந்து திரும்பிய மகளையோ மகனையோதான். “இதில் என்ன போட்டிருக்கிறது, பாரம்மா” என்கிறார் தந்தை. மகள் படித்துப் பார்க்கிறாள், ‘சரி’ என்னும் பொத்தானை அழுத்துகிறாள், அறிவிப்பு மறைந்துவிடுகிறது. தந்தைக்கு நிம்மதி, மகளுக்குச் சிறிது பெருமை.

அந்த அறிவிப்பு எதற்கு இசைவு கேட்டது என்பது இருவருக்கும் தெரியாது. அது வழக்கமான புதுப்பித்தலாக இருந்திருக்கலாம்; கணினியின் காவலை நீக்கச் சொல்லும் பொய் அறிவிப்பாகவும் இருந்திருக்கலாம். மொழியைப் படிக்கத் தெரிவது வேறு, கணினியைக் காக்கத் தெரிவது வேறு. ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைத் தாங்கி நிற்கும் கருவியின் பாதுகாப்பை, பொறுப்பு இன்னதென்று சொல்லாமலேயே வீட்டுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது முறையன்று. அது பிள்ளைக்கும் நல்லதன்று, கடைக்கும் நல்லதன்று.

முன்னாளில் கடையின் உயிராக இருந்தது சிவப்புத் துணி அட்டையிட்ட பேரேடு. அதில் மழைநீர் புகுந்தாலும் சில பக்கங்களாவது மிஞ்சும். மிஞ்சியதைக் காட்டிப் பாக்கி வைத்தவரிடம் பணம் கேட்கலாம். எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவர் அந்தப் பேரேட்டை ஒரே நொடியில் அழித்துவிட முடியாது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் பல சிறுதொழில்களின் கணக்கு கணினிக்கு மாறியது. ஒரு வணிகர் தாக்கல் செய்யும் விற்பனை விவரம், அவரிடம் சரக்கு வாங்கிய மற்றொரு வணிகரின் வரிக்கணக்கிலும் ஏறுகிறது. ஆகவே ஒருவரின் கணினி முடங்கினால் இடர்ப்படுவோர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

“இவ்வளவு சிறிய கடையை யார் வந்து தாக்கப் போகிறார்கள்?” என்று கேட்போர் பலர். இந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. கணினித் தாக்குதல்களில் பெரும்பகுதி, ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்யப்படுவதில்லை. தானே பரவும் நிரல்கள் இணையம் முழுவதும் அலைந்து, திறந்து கிடக்கும் வழிகளைத் தேடுகின்றன. கடை சிறியதா பெரியதா என்று அவை பார்ப்பதில்லை. சிறிய தொழில் ஒன்றின் வழியாகப் பெரிய கேடு நுழைவதும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைன் நாட்டில் தொடங்கிய நிகழ்வு அத்தகையது. அதன் விளைவு மும்பை வரை எட்டியதால் அதனைச் சற்று விரிவாகவே காண வேண்டும்.

உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கல் செய்வதற்கு எம்.இ.டாக் என்னும் மென்பொருளைப் பலர் பயன்படுத்தி வந்தனர். அதனை உருவாக்கியது கீவ் நகரில் ஒரு குடும்பத்தார் நடத்திய சிறிய நிறுவனம். அந்நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்த எதிரிகள், மென்பொருளுக்கான புதுப்பித்தல் செல்லும் வழியாகவே நச்சுநிரலை அனுப்பினர். பின்னர் ‘நாட்பெட்யா’ என்று பெயர்பெற்ற அந்த நிரல், கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பணம் செலுத்தினாலும் பயனில்லை. பூட்டைத் திறக்கும் வழியே அதில் இல்லை. இதன் பின்னணியில் ரஷ்யப் படைத்துறை இருந்ததாக அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன, ரஷ்யா மறுத்தது.

உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றாகிய மெர்ஸ்க், ஒடெசா நகர அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் அந்த வரி மென்பொருளை நிறுவியிருந்தது. அந்த ஒரு கணினி போதுமானதாயிற்று. அங்கிருந்து நச்சுநிரல் நிறுவனத்தின் உலகளாவிய வலைப்பின்னல் முழுவதும் பரவியது. மும்பைக்கு அருகிலுள்ள நவசேவாவின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில், அந்நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த சரக்கு முனையத்தின் பணியும் தடைப்பட்டது. கீவ் நகரின் ஒரு சிறு நிறுவனத்தில் காவல் தளர்ந்ததன் விலையை, பெயரே கேள்விப்படாத ஊரில் சரக்குப் பெட்டிக்காகக் காத்திருந்தவர்களும் கொடுத்தனர்.

மெர்ஸ்க் மீண்ட விதம் இன்னும் கருதத் தக்கது. எந்த ஊழியர் எந்தக் கணினியைத் திறக்கலாம் என்னும் விவரங்களைக் காக்கும் முதன்மைக் கணினிகள் அந்நிறுவனத்திடம் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்னும் எண்ணத்தில், அவை தம்முள் இடைவிடாது நகல் எடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாம் ஒரே பின்னலில் இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. மிஞ்சியது ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்த ஒன்றே ஒன்று. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்தடை. அதனால் அந்தக் கணினி பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதன் தரவை ஆள்வழியாக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, அதனை அடிப்படையாகக் கொண்டே மீட்புப் பணியைத் தொடங்கினர். பத்து நாள்களில் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. வல்லுநர் பலரைப் பணியில் வைத்திருந்த நிறுவனத்தைக் காத்தது, யாரும் திட்டமிடாத ஒரு மின்தடை!

இதே பிழை கரோல்பாகின் மளிகைக் கடையிலும் நிகழக்கூடும். கணக்கின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து, அதனை இரவும் பகலும் கணினியிலேயே செருகி வைத்திருப்பவர் பலர். கணினியைப் பூட்டும் நச்சுநிரல் அந்தப் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டும். நகல் என்பது பிரித்தெடுத்து வேறிடத்தில் வைக்கப்படும்போதுதான் நகலாகிறது. கணினி கடையில் இருந்தால் நகல் வீட்டில் இருக்க வேண்டும். அது உண்மையில் திறக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் எவரும் செய்வதில்லை. விலையுயர்ந்த நச்சுத்தடுப்பு மென்பொருளை வாங்கிவிட்டுத் தனி நகலை மறந்த கடையைவிட, மென்பொருள் சுமாராக இருந்தாலும் தனி நகல் வைத்திருக்கும் கடையே இடர்க்காலத்தில் நிமிர்ந்து நிற்கும்.

கடையிலுள்ள தராசைச் சட்டமுறை எடையளவுத் துறையினர் குறித்த கால இடைவெளியில் சோதித்து முத்திரையிடுகின்றனர். அம்முத்திரைக்கான கட்டணத்தை வீண்செலவு என்று நேர்மையான வணிகர் கருதுவதில்லை. அந்தத் தராசுக்கு அருகிலேயே நிற்கும் கணினியையோ, வாங்கிய நாளுக்குப் பின் எவரும் முறையாகச் சோதித்திருக்க மாட்டார். அது நின்றுபோன அன்றைக்கு மட்டும் பழுதுபார்ப்பவர் ஒருவர் வருவார். அன்றைய கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். அவசரத்திலும் மலிவு கருதியும் அவர் நிறுவித் தரும் மென்பொருள் பெரும்பாலும் திருட்டுப் படியாகவே இருக்கிறது. அதனை இயக்க உதவும் ‘கிராக்’ என்னும் கோப்பு, முதலில் நச்சுத்தடுப்பை நிறுத்திவிடச் சொல்லும். வீட்டுக்குள் நுழையுமுன் காவலாளியை அனுப்பிவிடு என்று கேட்கும் விருந்தாளியை யாரேனும் வரவேற்பார்களா?

திருட்டுப் படிக்கும் நச்சுநிரலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஐபிஎம் வகைத் தனிநபர் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல் என்று கருதப்படும் ‘பிரெயின்’, 1986ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூரில் சிறிய கணினிக் கடை வைத்திருந்த இரு உடன்பிறந்தாரால் எழுதப்பட்டது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் விலையின்றிப் படியெடுப்பதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கூறினர். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட அதில் எழுதி வைத்திருந்தனர். இன்றைய நச்சுநிரலாளரிடம் அந்த அளவு வெளிப்படைத்தன்மையை எதிர்பார்க்க இயலாது.

அப்படியானால் கடைக் கணினிக்குக் காவலர் யார்? ஒரு சிறு கடை தனக்கென வல்லுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ள இயலாது என்பது உண்மையே. ஆயினும் ஒரே தெருவிலுள்ள பத்துக் கடைகள் சேர்ந்து, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒருவரை அமர்த்த இயலும். ஊர்ச் சங்கமும் வணிகர் சங்கமும் திருவிழாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் பொதுப்பணம் திரட்டுவதில் தமிழர்கள் எந்த நகரிலும் பின்தங்கியதில்லை, இதற்கும் திரட்டலாம். அவர் மாதம் ஒருமுறை வந்து, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு நிறைவடைந்தது போன்ற செய்திகளைக் கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் அவர்தான். நகல் எடுப்பதையும், எடுத்த நகல் திறப்பதையும் சரிபார்க்க வேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாம் சான்றும் கேட்கும்படி மின்னஞ்சலை அமைத்துத் தர வேண்டும். கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் பூட்டி வைப்பதைச் சிலர் எள்ளி நகையாடுவர். அது அத்தனை பெரிய குற்றமன்று. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதே பெருங்குற்றம்.

மாலையில் அதே கணினியில் பிள்ளைகள் விளையாடுவதும் உண்டு. விலைக்கு விற்கும் விளையாட்டை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி, அதனால் கடைக்கணக்கே முடங்கிப்போனால், பழி முழுவதும் பிள்ளையின்மேல் விழும். பிள்ளை செய்தது தவறுதான். ஆனால், கணக்குக்கும் விளையாட்டுக்கும் வெவ்வேறு பயனர் கணக்குகளை அமைத்து, புதிய மென்பொருளை நிறுவும் உரிமையைப் பெரியவரிடம் மட்டும் வைத்திருந்தால் அந்தத் தவறு அவ்வளவு தூரம் சென்றிராது. இவ்வாறு பிரித்து அமைப்பதற்குச் செலவே இல்லை.

தொலைபேசியில் வரும் ஏமாற்று தனி வகை. ‘தொழில்நுட்ப உதவி மையம்’ என்று சொல்லிக்கொண்டு அழைப்பவர், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார். அல்லது பணம் அனுப்புவதாகச் சொல்லி யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொல்வார். பணம் பெறுவதற்கு அந்த எண்ணை இடவேண்டிய தேவையே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தவுடன் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிச் செல்வதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு என்பதால், வெட்கத்தால் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

“பிள்ளைகள் இப்படித்தானே கணினியைக் கற்றுக்கொள்கிறார்கள்?” என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைய வல்லுநர் பலரும் வீட்டுக் கணினியைக் கழற்றிப் பார்த்தே தொடங்கியிருப்பர். ஆனால் பொற்கொல்லர் பட்டறையில் பழக வரும் பிள்ளைக்கு முதலில் துருத்தியைத்தான் கொடுப்பர்; உருகிய பொன்னை ஊற்றக் கொடுப்பதில்லை. கடைக் கணினியிலும் பிள்ளைக்கு ஏற்ற பணிகள் உண்டு. புரியாத அறிவிப்பு வந்தால் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் அதனைப் படம் எடுத்து வைக்கலாம். அதிலுள்ளதைத் தந்தைக்குத் தமிழில் சொல்லலாம். பொருள் விளங்காதபோது “தெரியவில்லை அப்பா, அவரைக் கேட்போம்” என்று தயங்காமல் கூறலாம். இந்த விடையைக் குறைவாக எண்ணும் பெற்றோர், தெரியாமலே ‘சரி’ என்று அழுத்தும் பழக்கத்தைப் பிள்ளைக்குத் தாமே கற்றுக்கொடுக்கின்றனர்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்தபின், வீட்டிலிருக்கும் நகலைக் கொண்டுவந்து ஆறு மாதங்களுக்கு முந்தைய பட்டியல் ஒன்றைத் திறந்து பார்க்கும் வழக்கத்தைக் குடும்பம் மேற்கொள்ளலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும். பட்டியலின் எண்ணையும் தொகையையும் மகள் படிக்கலாம். தாய் அதனை அச்சிட்ட படியோடு ஒப்பிடலாம். நகல் திறக்கவில்லை என்றால், பராமரிப்பவரை அன்றைக்கே அழைக்க வேண்டியது தந்தையின் வேலை.