முதலில் அளவு, பிறகு பதிவு

பாட்டியின் பாடலையோ, பள்ளி விழாப் பேச்சையோ செல்பேசியில் நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். பொத்தானை அழுத்துமுன் ஒலியின் அளவைப் பார்த்தீர்களா? "காதுக்கு நன்றாகக் கேட்கிறதே, போதாதா?" என்பீர்கள். போதாது என்பதே என் கருத்து.

என் அனுபவத்தையே கூறுகிறேன். கல்லூரியில் படித்த நாளில், என் பாட்டி பாடிய நடவுப் பாட்டை இரவல் டேப் ரிகார்டரில் பதிவு செய்தேன். மானியின் முள் சிவப்புப் பகுதியிலேயே நின்றதை நான் கவனிக்கவில்லை. மறு ஆண்டு பாட்டி காலமானார். இன்று அந்த நாடாவில் இருப்பது பாட்டைவிடக் கரகரப்புதான்.

இதற்குக் காரணம் என்ன? எந்தப் பதிவுக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 16 பிட் எண்முறைப் பதிவில், அலையின் உயரம் கணந்தோறும் -32,768 முதல் +32,767 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அதன் உச்ச எல்லையே மானியில் காணும் 0 டெசிபல். அதைத் தாண்டும் ஒலியைக் குறிக்க எண் இல்லை. ஆகவே அலையின் முகடு கத்தரித்தாற்போல் தட்டையாகிவிடும். தட்டையான முகடு, மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கிறது. கரகரப்பு என்பது இதுதான். பின்னர் ஒலியைக் குறைத்தால் கரகரப்பும் குறையுமேயன்றி, இழந்த முகடு திரும்பாது.

அப்படியானால் மிகக் குறைந்த அளவில் பதிவு செய்யலாமா? அதுவும் தவறு. பின்னர் அதைப் பெருக்கும்போது கருவியின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகும்.

"தானியங்கி முறை பார்த்துக்கொள்ளாதா?" என்று சிலர் கேட்கலாம். வகுப்புக் குறிப்புக்கு அது போதும். ஆனால், அது உரத்த குரலை அடக்கும். பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசையை உயர்த்தும். பாட்டின் ஏற்ற இறக்கமே மறைந்துவிடும்.

செய்யவேண்டியது எளிது. பாடுபவரை, மிக உரக்கப் பாடும் அடியை முதலில் ஒருமுறை பாடச் சொல்லுங்கள். அப்போது மானியின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும். -6 என்பது எல்லையில் ஏறத்தாழப் பாதி வீச்சு. எதிர்பாராத உயர்வுக்கு அந்த இடம் வேண்டும். அளவு மீறினால் மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும்.

ஆய்வகத்தில் கருவியின் சுழிப்பிழையைப் பார்க்காமல் நீங்கள் அளவெடுப்பதில்லை. ஒலிப்பதிவும் ஓர் அளவீடுதான். ஒரே ஒரு வேறுபாடு: ஊசல் சோதனையை நாளையும் செய்யலாம், பாட்டியின் குரலுக்கு மறு சோதனை கிடையாது. அரை நிமிடம் செலவிட்டு மானியைப் பாருங்கள்.