பட்டு நூலின் ஈர நிறம்

மீன் தூண்டிலுக்குப் பட்டு நூல் தெரிவு செய்வது பற்றி இந்த வாரம் எழுதப்போகிறோம் என்றதும், மரக்கறிச் சாப்பாட்டுக்காரராகிய நமக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் இல்லத்தரசியே கேட்டுவிட்டார். நேயர்களும் அதையே கேட்கக்கூடும். கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நுவரெலியாப் பகுதி ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் இந்நாட்டுக்குரியதன்று. 1880களில் ஆங்கிலேயர் முட்டைகளாகக் கப்பலேற்றிக் கொணர்ந்து வளர்த்தது. 1896 இல் அதற்கென்றே ‘சிலோன் பிஷிங் கிளப்’ என்னும் சங்கமும் கண்டார்கள். இம்மீன் நீர்ப்பூச்சிகளையும் நீர்மேல் வந்திறங்கும் ஈக்களையும் விரும்பி உண்பது. ஆகையால் தூண்டில் முள்ளின்மேல் பட்டு நூலைச் சுற்றி உடலாக்கி, கழுத்தில் கவுதாரி முதலிய பறவைகளின் இறகு வைத்துக் கட்டி, ஒரு பொய் ஈயைச் செய்து நீரில் விடுவார்கள்.

கந்தப்பளை வழியிலுள்ள ஒரு தோட்டத்தில் இத்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். சிறு பையனாகப் பங்களா வேலைக்குப் போனவருக்குத் துரை இக்கலையைப் பழக்கினார். கட்டுவது இவர், பிடிப்பது துரை. தாம் கட்டிய ஈயை ஒருநாளேனும் நீரில் விட்டுப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னபோது அதில் வருத்தம் இருந்ததா என்று நமக்கு விளங்கவில்லை. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை ஊர் திரும்பினார். நூல் உருளைகள் நிறைந்த பிஸ்கற் பெட்டி ஒன்று மட்டும் லயத்தில் தங்கியது.

அவருடைய பேரன் நம்மிடம் படித்தவன். இப்போது உல்லாசப் பிரயாணிகளை ஓடைக்கு அழைத்துச் செல்லும் வேலை பார்க்கிறான். தாத்தாவின் கண்களில் புரை விழத் தொடங்கிவிட்டது, அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவசரப்பட்டான். ஆனால் பெட்டியைத் திறந்து நூலை இழுத்தால், இழுத்த இடமெல்லாம் அறுந்தது. வெயிலும் ஈரமும் பட்டுக்குப் பகை. பெட்டியோ இத்தனை வருஷமும் ஜன்னலோரம் இருந்தது. உருளைகளில் இருந்த பெயர் பியர்சால். 1795 இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்நிறுவனத்தின் மெல்லிய பட்டு நூல் ஈ கட்டுவோரிடையே பெரும் புகழ் பெற்றிருந்தது.

புது நூல் வாங்கித் தரும் பொறுப்பை நாம் ஏற்றோம். அட்டனில் ஒரு கடையில் ‘பட்டு’ என்று தந்ததை, அதன் பளபளப்பில் மயங்கி, நல்ல விலை கொடுத்து வாங்கினோம். பெரியவர் அதை விரலிடுக்கில் ஒருமுறை உருட்டினார். “மாஸ்டர், இது பட்டு இல்லைங்க. கொளுத்திப் பாருங்க” என்றார். கொளுத்தினோம். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிற்று. அது பொலியெஸ்டர். உண்மைப் பட்டென்றால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பலும் விரலால் நசுக்கப் பொடியாகும். செயற்கைப் பட்டு எனப்படும் ரேயோன் கடதாசி எரிவதுபோல் எரியும். சேலை வாங்கும் பெண்கள் பலருக்குத் தெரிந்த இச்சோதனை, பட்டதாரியாகிய நமக்குத் தெரியவில்லை.

இல்லத்தரசி ஒன்றும் பேசாமல் தமது கூறைச் சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து சில இழைகளை நறுக்கித் தந்தார். மாம்பழ மஞ்சள் நிறம். ஈக்கு இவ்வளவு பகட்டு ஆகாதே என்று நாம் தயங்கினோம். பெரியவரோ முறுக்கைப் பிரித்து ஒரே புரியை எடுத்தார். தடித்த நூல் ஆகாது, பூச்சியின் உடல் ஒல்லியானது, தலையில் முடிச்சுப் பெருத்தால் மீன் கண்டுகொள்ளும் என்பது அவர் கட்சி. சப்பாத்துத் தைப்பவரிடம் வாங்கிய கருமெழுகில் அந்தப் புரியை இழுத்தெடுத்தார். மஞ்சள் மங்கிற்று. முள்ளில் சுற்றி ஒரு கண்ணாடிக் கிளாசில் நீர் வார்த்து அதற்குள் இட்டார். நாம் குனிந்து பார்த்தோம். மஞ்சளைக் காணோம்! ஆற்றங்கரைப் பாசியின் பசுமை கலந்த மங்கல் நிறத்தில் ஒரு பூச்சி கிடந்தது.

காரணம் எளியது. உலர்ந்த பட்டின் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது. அது ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தோன்றும். மெழுகோ நீரோ அவ்விடத்தை நிரப்பினால் சிதறல் குறைந்து, நூல் கண்ணாடிபோலாகி உள்ளிருக்கும் முள்ளின் கருமை மேலே தெரியும். நிறம் கெடாதிருக்க வேண்டுமானால் முள்ளுக்கு முதலில் வெள்ளைச் சாயம் பூசுவதும் உண்டு. யோர்க்‌ஷயர்ப் பக்கத்தார் மஞ்சள் பட்டில் மெழுகேற்றி ஈ கட்டியதும் இம்மாற்றத்தை எண்ணித்தான். ஆகவே கடையில் உருளையைப் பார்த்து நிறம் தெரிவு செய்பவர் ஏமாறுவார். ஓர் இழையை மெழுகிட்டு, முள்ளில் சுற்றி, நனைத்துப் பார்த்தே தெரிய வேண்டும்.

அன்று மாலைக்குள் ஆறு ஈக்கள் முடிந்தன. ஐந்தைப் பெரியவர், கண்ணைவிட விரலையே நம்பிக் கட்டினார். ஆறாவதைப் பேரன் கட்டினான். பெரியவர் அதை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்தார்.

“தலை தடிச்சிருக்குடா. அவிழ்” என்றார்.