பொடுகு மருந்து முடி வளர்க்குமா?

"முடி ரொம்பக் கொட்டுது, நல்லதா ஒரு ஷாம்பூ குடுங்க" என்று கேட்பவருக்கு வலங்கைமான் கடைத்தெருவானாலும் கும்பகோணம் பெரிய கடைத் தெருவானாலும் மருந்துக்கடையில் இப்போது சட்டென்று எடுத்துத் தரும் சரக்கு ஒன்று உண்டு. கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்று அச்சிட்ட சிறிய பாட்டில். பூஞ்சையைக் கொல்லும் மருந்து அது. பொடுகுக்காகப் பல ஆண்டுகளாக டாக்டர்கள் எழுதித் தருவது. சில ஆண்டுகளாக அதற்கு இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது: வழுக்கையைத் தடுக்கும் ஷாம்பூ, மெலிந்த முடியை அடர்த்தியாக்கும் ஷாம்பூ. கைபேசியில் முடி வைத்தியம் சொல்பவர்கள் கொடுத்த பட்டம் இது. பொடுகும் அரிப்பும் உள்ள தலைக்கு இது நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முடி மெலிவதற்கு இதையே முதல் மருந்தாக வாங்குவதில் நியாயம் இல்லை. ஆதாரம் அவ்வளவு தூரம் வரவில்லை. அதைவிட முக்கியம், பாட்டில் கைக்கு வந்ததும் முடி ஏன் கொட்டுகிறது என்று தேடுவது நின்றுபோகிறது.

மருந்து என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கலாம். மலசீசியா என்ற நுண்பூஞ்சை நம் எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்று அது விடும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவந்து, அரித்து, செதில் செதிலாக உதிர்கிறது. பெல்ஜியத்தின் ஜான்சென் நிறுவனம் 1970-களில் கண்டுபிடித்த கீட்டோகோனசோல், பூஞ்சையின் செல்சவ்வுக்கு வேண்டிய பொருள் உருவாகாமல் தடுக்கிறது. பூஞ்சை குறைய, பொடுகும் குறைகிறது. இதுவரை தகராறு இல்லை. இதற்கும் முடி வளர்வதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் இரண்டு விளக்கங்கள் வருகின்றன. தலைத்தோலின் அழற்சி தணிந்தால் முடியின் வேருக்கும் நல்லது என்பது ஒன்று. கீட்டோகோனசோல் ஆண் ஹார்மோனுக்கு எதிராக வேலை செய்கிறது, வழுக்கைக்கு அந்த ஹார்மோன்தானே காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. இதே மருந்தை மாத்திரையாக அதிக அளவில் விழுங்கினால் உடலில் ஹார்மோன் உற்பத்தி குறைகிறது. ஆனால் அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. ஐரோப்பிய மருந்து அமைப்பு நிறுத்திவைக்கவே பரிந்துரைத்தது. ஷாம்பூவுக்கு அந்தப் பயம் வேண்டாம், ஏனென்றால் அது ரத்தத்தில் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். சரிதான். அப்படியானால் மாத்திரை காட்டிய ஹார்மோன் விளைவை ஷாம்பூவின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. தலைத்தோலிலேயே தங்கி அங்கேயே ஏதாவது செய்யலாம் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. அது சாத்தியம்தான், மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றல்ல.

ஆதாரம் என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவையும், சாதாரண ஷாம்பூவோடு சேர்த்துப் பூசிய 2 சதவீத மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் முடியின் அடர்த்தியும் தடிமனும் ஏறத்தாழ ஒரே அளவில் கூடின என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வில் இருந்தது சின்னக் குழு. இதைப் பெரிய குழுவில் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கட்டுரையே முடிவில் கேட்டுக்கொண்டது. கட்டுரையைக் காட்டி ஷாம்பூ விற்பவர்கள் அந்த வரிக்கு வருவதில்லை. அதே ஆய்வாளர்கள் 2002-ல் 150 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று வகைப் பொடுகு ஷாம்பூக்களை ஆறு மாதம் போடச் செய்தார்கள். ஒன்றில் கீட்டோகோனசோல், இன்னொன்றில் பைராக்டோன் ஒலமைன், மூன்றாவதில் ஜிங்க் பைரிதியோன். மூன்று குழுவிலுமே முடி உதிர்வது குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 150 பேருக்கும் முடி உதிர்வோடு பொடுகும் இருந்தது என்பதுதான். பொடுகு உள்ளவர்கள் பொடுகைப் போக்கினால் உதிர்வது கொஞ்சம் மட்டுப்படும் என்று இந்த ஆய்வு சொல்கிறது. தலை சுத்தமாக இருந்தும் உச்சியில் முடி மெலிகிறவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2005-ல் எலிகளின் முதுகில் இந்த மருந்தைத் தடவி முடி வளர்ந்ததாக ஒரு கட்டுரை வந்தது. எலிக்கு நமக்கு வருவது போன்ற வழுக்கை கிடையாது. அதன் முடி வளரும் சுழற்சியும் வேறு. இன்னொரு பக்கம், தலையில் பூசும் மினாக்ஸிடிலுக்கு 1988-லும், ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது பெரிய அளவிலான சோதனைகளுக்குப் பிறகு. கீட்டோகோனசோல் ஷாம்பூ முடி வளர்ப்புக்காக அந்தப் படியை இன்றுவரை ஏறவில்லை.

முடி கொட்டுவது ஒரு நோயின் பெயரல்ல என்பதுதான் இந்த விஷயத்தின் வேர். டெல்டா விவசாயி யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சம்பா நடவுப் பயிர் மஞ்சளடித்தால் அது தழைச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், துத்தநாகக் குறைவாகவும் இருக்கலாம், தண்ணீர் வடியாமல் நிற்பதாகவும் இருக்கலாம். எதுவென்று பார்க்காமல் யூரியாவை அள்ளிக் கொட்டினால் செலவுதான் மிச்சம். தலையும் அப்படித்தான். நம் ஊர்ப் பெண்களை எடுத்துக்கொள்வோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்குச் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய ஹீமோகுளோபினை, அடுத்து தைராய்டை. ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாத குறையை வெளியே தடவும் எந்த நுரையும் தீர்க்காது. பிரசவமானவர்களுக்கும், டெங்கு மாதிரி கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். பழி குழாய்த் தண்ணீர் மேல் விழும், போர் தண்ணீரின் உப்பு மேல் விழும். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று முடி திரும்ப முளைத்துவிடும். நடுவில் யார் எந்த ஷாம்பூவைப் போட்டிருந்தாலும் பெயர் அந்த ஷாம்பூவுக்கே போய்ச் சேரும். இந்தப் பாட்டிலின் புகழில் எத்தனை பங்கு இப்படி வந்ததோ! மாரியம்மனுக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் இதே ரகம். மழித்த முடி மழுங்கிய நுனியோடு முளைப்பதால் தடித்ததாகத் தெரிகிறது. வேர்க்கால்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. நேர்த்திக்கடன் வேறு கணக்கு, அதில் தலையிட எனக்கு வேலையில்லை.

பூஞ்சை என்று முன்கூட்டியே முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டம் அண்மைச் சாட்சி. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து ஷேகாவ் வட்டத்துக் கிராமங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்குச் சில நாட்களிலேயே தலைமுடி கையோடு வந்தது. மாசுபட்ட தண்ணீரால் வந்த பூஞ்சைத் தொற்று என்று முதலில் சந்தேகித்தார்கள். ஷாம்பூ மேலும் பழி விழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஊருக்கே வந்து மாதிரிகளை எடுத்துப் போனது. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் செலினியம் மிகுந்திருப்பது பிறகு தெரியவந்தது. தேள்கடி சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தனியாக ஆராய்ந்து, ரேஷன் கடையில் கொடுத்த கோதுமையைக் காரணமாகக் காட்டினார். அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்ல பூஞ்சை ஷாம்பூவைத் தேய்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, சாப்பாட்டில் இருந்த கோளாறு அது. (இதில் ஒரு வேடிக்கை: செலினியம் சல்பைடு என்பது பொடுகு ஷாம்பூக்களில் வெகுகாலமாகச் சேர்க்கப்படும் மருந்து. தலைக்கு வெளியே நல்லது செய்வது வயிற்றுக்குள் அதிகமாகப் போனால் முடியையே உதிர்க்கிறது.)

சரி, கெடுதல் இல்லையே, போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, இந்த மருந்து பெரும்பாலானவர்களுக்குச் சாது. குறைவது பணமும் காலமும். பாட்டில் ஒன்று சில நூறு ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலியே 336 ரூபாய்தான். காலம் இன்னும் விலை கூடியது. பரம்பரை வழுக்கையில் வேர்க்கால்கள் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போகின்றன. மருந்தால் இருப்பதைக் காப்பாற்ற முடியும், போனதைக் கொண்டுவருவது அரிது. சோதித்து நிரூபித்த மருந்தைத் தொடங்காமல் ஷாம்பூவோடு இரண்டு வருடம் கழிந்தால் அந்த இரண்டு வருடம் நஷ்டக் கணக்கில்தான் சேரும். குழந்தைகள் விஷயம் இன்னும் அவசரமானது. தலையில் வட்டமாக முடி கொட்டி, செதிலும் சீழும் தெரிந்தால் அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். பூஞ்சைதானே, பூஞ்சை ஷாம்பூ போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது, அந்தப் பூஞ்சை முடியின் வேர்க்காலுக்குள் இறங்கியிருக்கும், உள்ளுக்கு மருந்து கொடுத்தால்தான் போகும். தாமதித்தால் அந்த இடம் தழும்பாகி முடி திரும்பவே முளைக்காமல் போகலாம்.

கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சை மருந்துகளால் இந்த நாடு ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகளைச் சீட்டு இல்லாமல் வாங்கி வாங்கிப் பூசியதும் சேர்ந்து, சாதாரண மருந்துக்கு அடங்காத படர்தாமரை ஊரெங்கும் பரவியது. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. 2020-ல் அந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஷாம்பூவுக்கும் அந்தக் கதிதான் என்று நான் சொல்லவில்லை. இதில் ஸ்டீராய்டு இல்லை. ஆனாலும் நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்த பின்னும் அதே வழியில் போக வேண்டுமா?

டாக்டர்களே எழுதித் தருகிறார்களே என்பது அடுத்த கேள்வி. தருகிறார்கள். தலையைப் பிரித்துப் பார்த்து, செதிலும் சிவப்பும் இருந்தால் மற்ற மருந்துகளோடு துணைக்கு எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது எப்படிப் போடுவது என்றும் சொல்கிறார்கள். கடையில் வாங்கும்போது விட்டுப்போவது அதுதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தார் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கிராமமெல்லாம் கொண்டுசேர்த்த பிறகு, தேய், நுரைக்க விடு, உடனே அலசு என்பது நமக்குக் கைவந்த பழக்கமாகிவிட்டது. மருந்து ஷாம்பூவுக்கு அது ஒத்துவராது. விரல் நுனியால் தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். பொடுகு அடங்கிய பின் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை போதும். தினமும் போட்டால் முடி வறண்டு சிக்காகும், சாயம் பூசிய முடி நிறம் மாறும். பொடுகு இருக்கும்போது ராத்திரி முழுக்கத் தலையில் எண்ணெயை ஊறவைப்பதும் வேண்டாம். பூஞ்சைக்கு அது விருந்து. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து அரை மணியில் சீயக்காய் போட்டு அலசுகிறவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. எந்த நோய்களைத் தீர்ப்பதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை பட்டியலிட்டிருக்கிறது. வழுக்கையும் புதிதாக முடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. கைபேசியில் பேசி விற்கிறவர்களை அந்த விதி நெருங்கவில்லை; நெருங்கச் செய்வது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. மருந்துக்கடைக்காரரிடமும் பெரிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. பாட்டிலை எடுக்கும் முன் பொடுகு இருக்கிறதா, அண்மையில் காய்ச்சல் வந்ததா, ரத்தம் சோதித்தீர்களா என்று மூன்றே கேள்வி கேட்கலாம். தோல் டாக்டர் பக்கத்தில் இல்லையே என்பது உண்மைதான். ஆனால் ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பொடுகு இருந்தால் ஒரு பாட்டில் வாங்கி, சொன்ன முறையில் நாலு வாரம் போட்டுப் பாருங்கள். பொடுகு போயும் முடி கொட்டுவது நிற்கவில்லை என்றால் இரண்டாவது பாட்டில் வேண்டாம், அந்தக் காசில் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுங்கள். இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டுக்குக் கட்டணம் இல்லை.