காத்திருக்கச் சொல்லாதீர்கள்

கேம் உருவாக்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்களுக்கு மூத்த கணினிப் பேராசிரியர் ஒருவர் எழுதிய அறிவுரைக் கட்டுரையை முழுவதும் படித்தேன். முதலில் சி மொழி, பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர், பிறகு அல்காரிதம், கூடவே நேரியல் இயற்கணிதம். எல்லாம் முடிய இரண்டாண்டு ஆகும். அதுவரை யூனிட்டி, கோடோ போன்ற கேம் உருவாக்கும் கருவிகள் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்கிறார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் முன்வைக்கும் வாதங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆசையோடு வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பியனுப்பும் அறிவுரை இது. இதை மறுக்காமல் விட எனக்கு மனமில்லை.

கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்பது ஓர் உவமை: அஸ்திவாரம் போடாமல் மாடி எழுப்பக் கூடாது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் முதலில் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. மேலே எழுப்பியபின் அடியில் போய்த் திருத்த முடியாது. இடிந்தால் உயிர் போகும். கல்லும் கம்பியும் சிமெண்டும் வீணானால் வீட்டுக்காரர் கடனாளி ஆவார். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் மடிக்கணினியில் எழுதும் முதல் கேமுக்கு இவற்றில் எது பொருந்துகிறது? அது சரிந்தால் யாருக்கும் காயமில்லை. கோப்பை அழித்துவிட்டு மறுநாள் முதல் வரியிலிருந்து எழுதலாம். மேலே போனபின் அடியில் இருப்பதை மாற்றுவது நிரல் எழுதுபவரின் அன்றாட வேலை. ரீஃபாக்டரிங் என்று அதற்குப் பெயரே உண்டு. தவறு செய்ய இவ்வளவு குறைவாகச் செலவாகும் இடத்தில், தவறே செய்துவிடாதே என்று இரண்டாண்டு கையைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

அடிப்படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறி, நிபந்தனை, லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் வேண்டும். கணிதம் கட்டாயம் வேண்டும். அவை எப்போது மண்டையில் ஏறுகின்றன என்பதில்தான் பேராசிரியரோடு எனக்குச் சண்டை. அடிப்படைகளைக் கற்று முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசாக அவர் கேமைப் பார்க்கிறார். அந்த அடிப்படைகள் ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்காகப் பிறந்தன என்று மாணவருக்குத் தெரியவருவதே கேம் எழுதும்போதுதான். திரையில் ஒரு பந்தைக் குதிக்கவிடும் எளிய வேலையை எடுத்துக்கொள்வோம்.

பந்து இருக்கும் இடத்துக்கு இரண்டு மாறிகள். கிடைவாட்டிலும் மேல்கீழாகவும் அதன் வேகத்துக்கு இரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இடத்தோடு வேகத்தைக் கூட்ட வேண்டும்: அது லூப். சுவரைத் தொட்டால் வேகத்தின் குறியை மாற்ற வேண்டும்: அது நிபந்தனை. குறை எண் எதற்கு என்று பள்ளியிலிருந்தே விளங்காமல் இருந்த பிள்ளைக்கு, அது கண்ணெதிரே திசையாக மாறித் தெரிகிறது. இரண்டாவது பந்து வேண்டுமென்றால் இன்னும் நான்கு மாறிகள். பத்துப் பந்துக்கு நாற்பது. அந்த நாற்பதையும் தட்டச்சு செய்து சலித்துப்போன நேரத்தில் லிஸ்ட் என்று ஒன்று இருப்பதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் முறை சொல்லவே வேண்டியிருக்காது.

கொஞ்ச நாளில், தன் கணினியில் ஒழுங்காக ஓடிய பந்து நண்பனின் கணினியில் தலைதெறிக்க ஓடும். ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று எழுதியிருந்தால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் பந்து 300 பிக்சல் நகரும். 144 ஓடும் கணினியில் 720 பிக்சல். கடந்துபோன நேரத்தால் வேகத்தைப் பெருக்க வேண்டும் என்பது அப்போது புரியும். இந்தச் சிக்கல் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல. 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறைய வரையும் வேலை குறைந்து, மிச்சமிருந்தவை வேகமெடுத்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் ஆட்டத்தின் விறுவிறுப்பாகவே வைத்துக்கொண்டார்.

அடுத்து, நொடிக்கு 1,200 பிக்சல் பாயும் தோட்டா ஒன்றை மாணவர் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஃபிரேமில் அது ஒவ்வொரு தடவையும் 20 பிக்சல் தாவும். சுவரின் தடிமன் 10 பிக்சல் என்றால், தோட்டா சுவரைத் தொடாமலே மறுபக்கம் போய் நின்றுவிடலாம். கணினிக்குள் நேரம் ஆறுபோல ஓடுவதில்லை, துண்டு துண்டாகத் தாவுகிறது என்ற பெரிய உண்மையை அந்த ஒரு தோட்டா கற்றுக்கொடுத்துவிடும். இன்னொன்று: குண்டு வெடித்தால் எதிரிகள் எல்லாரும் அழிய வேண்டும் என்று லூப் எழுதுகிறார், ஒன்றுவிட்டு ஒருவர் உயிரோடு நிற்கிறார். லிஸ்டில் நடந்துகொண்டே அதிலிருந்து நீக்கினால், அடுத்திருப்பது காலியான இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப் அதைத் தாண்டிப் போய்விடும். வகுப்பில் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். உயிரோடு நிற்கும் எதிரியைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

அல்காரிதமும் இப்படித்தான் தேடி வருகிறது. 100 பந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்க ஒரு ஃபிரேமுக்கு 4,950 சோதனைகள். பந்துகள் 1,000 ஆனால் 4,99,500. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய மூன்று கோடி. திரை உறைந்து நிற்கும். பந்து பத்து மடங்கானால் வேலை ஏன் நூறு மடங்காகிறது என்று மாணவரே கேட்பார். திரையைக் கட்டங்களாகப் பிரித்து அக்கம்பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் சோதித்தால் என்ன என்று யோசிப்பார். பேராசிரியர் நான்காம் பருவத்தில் கரும்பலகையில் எழுதிப்போடும் அதே பாடம்தான். கேள்வி முந்திப் பிறந்துவிட்டதால் பதில் நிலைக்கிறது. கேள்வியே பிறக்காத மாணவருக்குப் பதிலை இரண்டாண்டு ஊட்டுவதைத்தான் இவர் ஒழுங்குமுறை என்கிறார்.

பெரிய பெயர்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். டூம் கேமைச் செய்த ஜான் கார்மாக் பிஎஸ்பி மரம் என்ற வரைகலை உத்தி தெரிந்தவர், ஸ்டார்டூ வேலி செய்த எரிக் பரோன் கணினியியல் பட்டதாரி, ஆகவே முதலில் படிப்பு என்று முடிக்கிறார். இரண்டு சாட்சிகளும் அவருக்கு எதிராகத்தான் பேசுகிறார்கள். கார்மாக் கல்லூரியைப் பாதியில் விட்டவர். 1993-இல் டூம் வெளிவருவதற்குள் கமாண்டர் கீன், உல்ஃபென்ஸ்டைன் 3டி என்று அவர் எழுதிய கேம்கள் பல. டூமின் அறைகளை வேகமாக வரைந்தாக வேண்டிய நெருக்கடியில், ஆய்வாளர்கள் முன்பே கண்டுவைத்திருந்த அந்த உத்தியை எடுத்துப் பயன்படுத்தினார். கேம் முதலில், பிஎஸ்பி மரம் பிறகு. பரோன் 2011-இல் பட்டம் பெற்றார், வேலை கிடைக்கவில்லை. சி ஷார்ப் மொழியில் கையைத் தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் ஸ்டார்டூ வேலியைத் தொடங்கினார். நான்காண்டுக்கு மேல் தனியாகவே உழைத்து 2016-இல் வெளியிட்டார். பட்டம் முடித்த ஒருவர் நிரல் பழகக் கேமிடம் வந்திருக்கிறார் என்றால், அந்த வழியைப் பட்டத்துக்கு முன்பே திறந்துவிடுவதில் பேராசிரியருக்கு என்ன தடை?

அடுத்த குற்றச்சாட்டு, அடிப்படை இல்லாமல் தொடங்குபவர்களின் நிரல் அலங்கோலமாக இருக்கும் என்பது. இருக்கும். டெர்ரி கேவனா 2010-இல் வெளியிட்ட விவிவிவிவிவி கேமின் மூல நிரலைப் பத்தாண்டு நிறைவில் எல்லாரும் பார்க்கத் திறந்துவைத்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட ஒரே ஸ்விட்ச் கட்டளை அதில் இருந்தது. அதைப் பற்றி அவரே வெளிப்படையாக எழுதினார். பேராசிரியர் இதை எள்ளலோடு குறிப்பிடுகிறார். அந்தக் கேம் முடிந்தது, வெளிவந்தது, பத்தாண்டு கழித்தும் ஆடப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுகிறார். பாதியை மறைத்து மீதியைக் காட்டுவது ஆசிரியருக்கு அழகல்ல. நிரல் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும் தன் அலங்கோலத்துக்குள் தானே சிக்கித் தவித்தவருக்குத்தான் விளங்கும். மூன்று வாரம் முன் எழுதியதைத் திறந்து பார்த்துப் புரியாமல் விழித்தவரிடம் ஃபங்ஷனாகப் பிரிப்பது பற்றிப் பேசுங்கள், காதுகொடுத்துக் கேட்பார்.

ஓரிடத்தில் மட்டும் அவர் கண்ட நோய் உண்மையானது. காணொளிப் பாடங்களைப் பார்த்து வரிக்கு வரி நகலெடுத்துவிட்டு, அது இல்லாமல் ஒரு கதவைக்கூடத் திறக்கவைக்கத் தெரியாத மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இதே நோய் அவருடைய வகுப்பிலும் உண்டு. பபிள் சார்ட்டை மனப்பாடம் செய்து லேப் தேர்வில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள், சொந்தமாகப் பத்து வரி எழுதச் சொன்னால் திகைத்து உட்காருகிறார்கள். நகலெடுப்பதுதான் நோய், கேமைத் தள்ளிப்போட்டால் அது தீராது. பாங், பாம்பு, பிரேக்கவுட் போன்ற சின்ன ஆட்டம் ஒன்றை முழுதாக முடிக்க வைக்க வேண்டும். பார்த்து எழுதிய ஒவ்வொன்றிலும் பார்க்காத ஒரு மாற்றத்தைச் செய்யச் சொல்ல வேண்டும். அதுதான் மருந்து.

கட்டுரையில் எனக்குப் பெரிதும் வலித்தது, கேம்மேக்கர் போன்ற கருவிகளைப் ‘பொம்மை’ என்று அவர் தள்ளிவைத்த வரி. கேம்மேக்கரின் முதல் வடிவத்தை 1999-இல் எழுதியவர் மார்க் ஓவர்மார்ஸ். அப்போது அவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர். கணக்கீட்டு வடிவியலில் உலகெங்கும் பாடமாக உள்ள நூலின் ஆசிரியர்களில் ஒருவர். அடிப்படை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அவர் தந்த கருவியில்தான் டோபி ஃபாக்ஸ் 2015-இல் அண்டர்டேல் கேமைச் செய்தார். சரி, பேராசிரியர் முதலில் படிக்கச் சொல்லும் சி நூலுக்கே வருவோம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி, யூனிக்ஸ் பிறந்த கதையை எழுதிவைத்திருக்கிறார். 1969-இல் கென் தாம்ப்சன் விண்வெளிப் பயணக் கேம் ஒன்றை எழுதினார். பெரிய கணினியில் அதை ஓட்டச் செலவு அதிகமானதால், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய கணினிக்கு அதை மாற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த வேலையில் பழகிய கைதான் அதே கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கியது. சி மொழி வளர்ந்தது அந்த யூனிக்ஸுக்காக. தாம்ப்சன் அப்போதே தேர்ந்த நிரலாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் கேம் என்பது வேலைக்கு உதவாத பொழுதுபோக்கு என்று சொல்ல, அந்த நூலைக் கையில் வைத்திருப்பவருக்கு உரிமை கிடையாது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டு பைதான் லேப் பயிற்சிகளைப் பாருங்கள். பைதானில் கேம் எழுத உதவும் பைகேமில் குதிக்கும் பந்து, கார் பந்தயம் போன்ற ஒரு கேம் செய்வது அதிலேயே இருக்கிறது. பட்டியலின் கடைசிப் பயிற்சியாக. பருவ முடிவில் நேரம் போதாவிட்டால் முதலில் விடுபடும் இடம் அது. பேராசிரியரின் கட்டுரையில் இருக்கும் அதே பிழைதான் இந்த வரிசையிலும் இருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அந்தப் பயிற்சியை முதல் வாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்றப் பயிற்சிகளை அந்தப் பந்துக்கு வரும் தேவைகளாக வரிசைப்படுத்த வேண்டும்.

மாணவர்களே, அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பைகேமும் கோடோவும் இலவசம். இந்த வாரமே ஒரு பந்தைத் திரையில் ஓடவிடுங்கள். அது சுவரைத் தாண்டி வெளியே போனால், நிரலோடு உங்கள் ஆசிரியரிடம் போய் ஏன் என்று கேளுங்கள்.