பைக்குள் ஒரு பேனாக்கத்தி

பேனாக்கத்தி என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. இறகால் எழுதிய காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திக்கு வந்த பெயர் அது. இறகு போய், மைப்பேனா போய், இப்போது பேனாவே பையை விட்டுப் போய்விட்டது. ஆனால் கத்திக்கான வேலை மட்டும் குறையவே இல்லை.

என் கைப்பையில் ஒன்று இருக்கிறது. வானொலிக்காரிக்கு எதற்குக் கத்தி என்று கேட்காதவர்கள் குறைவு. தீபாவளிச் சந்தையில் வெளிப்புற ஒலிபரப்பு என்றால் வயர்களைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகளை யாராவது அறுக்க வேண்டும். பேனர் கயிறு சிக்கிக்கொள்ளும். பரிசுப் பெட்டிகள் டேப் ஒட்டி வந்து இறங்கும். இடைவேளையில் கொய்யாவை நாலாக நறுக்கி அசாம் போய் தூளில் தொட்டுத் தின்ன வேண்டும். "அக்கா, கத்தி இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் முதலில் சிரித்தவர்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நிகழ்ச்சி முடிந்த பிறகு நேயர் ஒருவர், ஒரு தாயார், என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

"பையன் போலிடெக்னிக்ல படிக்கிறான்மா. ஆன்லைன்ல இருபது வெள்ளிக்குக் கத்தி ஒன்னு வாங்கியிருக்கான். கருப்பா இருக்கு, பட்டனைத் தட்டுனா படக்குன்னு வெளிய வருது. கேம்பிங்குக்குன்னு சொல்றான். நான் நம்புறதா, பயப்படுறதா?"

அந்தக் கேள்வி வேறு வீடுகளில் இவ்வளவு கனமாக இருக்காது. நம் வீடுகளில் இருக்கிறது. பாராங் சண்டைச் செய்திகளைப் படித்துப் படித்து, நம் பிள்ளை கையில் கத்தி என்றாலே வயிற்றைப் பிசைகிறது. அதே நேரத்தில், கூடாரம் போடவும் மீன் பிடிக்கவும் போகிற பையனுக்குக் கத்தி தேவைதான். பையன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் அவன் வாங்கியது தவறான கத்தி என்றேன். சரியான கத்தி எது என்று விளக்க தொலைபேசியில் நேரம் போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் வைத்திருந்தால் சிறைத் தண்டனையும் பிரம்படியும் உண்டு. ஆகவே கத்தி வாங்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்த வேலைக்கு? எந்த நேரத்தில்? பழம் நறுக்கும் மரப்பிடிக் கத்தி ஒரு கருவியைப் போலவே தெரியும். கருப்பு நிறத்தில், பல் வைத்து, பட்டன் தட்டினால் பாயும் கத்தியைப் பார்க்கிறவர், அது கொய்யா நறுக்க வந்தது என்று நம்ப மாட்டார். வேலை இருக்கும் நாளில் பையில் போடுங்கள், வேலை முடிந்தால் வீட்டு அலமாரியில் வையுங்கள். இரவுச் சந்தைக்கும் கால்பந்துத் திடலுக்கும் கல்லூரிக்கும் அது வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

இனி எதை வாங்குவது?

நான் பரிந்துரைப்பது பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல். ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் அந்த ஊர்க் குடியானவர்களுக்காகச் செய்த கத்தி. 1897இல் அதை 1 முதல் 12 வரை எண் போட்டு அளவு வாரியாக விற்க ஆரம்பித்தார்கள். எட்டாம் எண்தான் புகழ்பெற்றது. அதன் அலகு எட்டரை சென்டிமீட்டர், மொத்த எடை ஏறக்குறைய 50 கிராம். கை சிறியதென்றால் ஏழு சென்டிமீட்டர் அலகுள்ள ஆறாம் எண் போதும். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு உலோகப் பட்டை, அதன் மேல் சுழலும் ஒரு வளையம், அவ்வளவுதான் கத்தி. விலையும் பெரும்பாலும் நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

அந்த வளையம் முக்கியம். 1955இல் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அது பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது. இருபது வெள்ளிக் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு பெயருக்குத்தான் இருக்கும், கொஞ்சம் அழுத்தினால் வழுக்கிவிடும். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸும் நல்ல கத்திதான். கத்தரிக்கோலும் திருகாணி முனையும் சேர்ந்து வரும். ஆனால் அதன் சிறிய வகைகளில் அலகைத் தாங்குவது ஒரு வில் மட்டுமே, பூட்டு கிடையாது. அதைக் குத்தப் பயன்படுத்தாமல் அறுக்க மட்டும் பயன்படுத்த வேண்டும்.

எந்தக் கத்தியானாலும் கடையிலேயே மூன்றைப் பாருங்கள். மடக்கினால் அலகு பிடியின் நடுவில் உட்காருகிறதா? திறந்து பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? பூட்டியபின் அலகின் முதுகை மெல்ல அழுத்தினால் பூட்டு நிற்கிறதா? ஒன்றில் தோற்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பினெல் வாங்கி வீட்டுக்கு வந்ததும் பலருக்கு வரும் முதல் புகார், "திறக்கவே மாட்டேங்குது!" கத்தியில் பழுதில்லை. பிடி பீச் மரத்தால் ஆனது. மரம் ஈரம் குடித்தால் உப்பும், உப்பினால் அலகை இறுக்கும். சவோய் மலைக்காற்றுக்குச் செய்த மரம், நவம்பர் மழையில் நம் ஊரில் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். என் கத்தி குளிர்சாதன அறையான ஒலிப்பதிவுக் கூடத்தில் விரல் நகத்துக்கே திறக்கும், மழைநாளில் வீட்டுக்கு வந்தால் அடம் பிடிக்கும்.

இதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிப்பாகத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு விரலால் பிடித்து இழுக்கலாம். இது அவசரத்துக்கு. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஒரு வாரம் பழக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் கத்தியைத் திறந்தபடி குளிர்சாதன அறையில் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் அலகைத் திறந்து பூட்டிவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியில் மெல்லிய மணல்தாளைச் சுற்றி, அலகு உட்காரும் பள்ளத்தின் இருபக்கச் சுவரையும் லேசாகத் தேயுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை போதும். அதிகம் தேய்த்தால் வறண்ட நாளில் அலகு தொளதொளவென்று ஆடும். தூளைத் தட்டிவிட்டு, அலகு சுழலும் ஆணியின் இருபுறமும் சில சொட்டு மினரல் எண்ணெய் விடுங்கள். பழம் நறுக்கும் கத்தி என்பதால் உணவுத் தரத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நல்லெண்ணெயும் சமையல் எண்ணெயும் வேண்டாம், நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும். எண்ணெய் விட்டபின் தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஓடி முடிவதற்குள் நூறு முறை திறந்து மூடுங்கள். விரல்கள் அலகின் பாதையில் இருக்கக் கூடாது. இரண்டாம் நாளே வித்தியாசம் தெரியும். அதன்பிறகு ஒரே விதி, கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அலகு இரண்டு வகை எஃகில் வருகிறது. கார்பன் எஃகு எளிதில் கூராகும், எளிதில் துருவும் பிடிக்கும். இன்னொன்று துருவை எதிர்க்கும் இனாக்ஸ். வியர்க்கும் ஊரில், பையில் வைத்திருப்பவர் முதல் கத்தியாக இனாக்ஸ் வாங்குவதே உத்தமம். வீட்டில் வைத்துக்கொள்ள என்றால் கார்பனில் ஒரு சுகம் உண்டு. நாலைந்து மாங்காய், ஒரு வெங்காயம், ஒரு எலுமிச்சை வெட்டியதும் பளபளப்பு மங்கி, அலகில் நீலமும் சாம்பலுமாகக் கறை படரும். பயந்து தேய்க்க வேண்டாம். பாட்டி வீட்டு அரிவாள்மனை கறுத்திருந்தது இதே காரணத்தால்தான். புளிப்பு இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் அந்தக் கருமை, சிவப்புத் துருவை ஓரளவு தள்ளி வைக்கும். தொடக்கத்தில் பழத்தில் லேசான இரும்பு வாடை வரும், கறை படிந்தபின் குறைந்துவிடும். சிவப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.

கத்தியைப் பழக்குவதைப் போலவே, கத்தியோடு பழகவும் வேண்டும். எங்கள் வீட்டில் கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சகுனத்தை நம்பாதவரும் இதைப் பின்பற்றலாம். கைமாறும்போது விரல் அறுபடாது. உடலுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். நடக்கும்போது மடக்கியே வைத்திருங்கள். பிள்ளைக்குக் கத்தி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இந்த மூன்றையும் கத்தியோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். பறித்து ஒளித்து வைத்தால் பையன் இன்னொன்று வாங்குவான், அதை நாம் பார்க்கவே மாட்டோம். கற்றுக்கொடுத்தால் அது மேசை மேல் இருக்கும்.

கடைசியாகக் கூர்மை. மொட்டைக் கத்திதான் ஆபத்து. அது வெட்டாது, நாம் அழுத்துவோம், வழுக்கிக் கையில் இறங்கும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் இதை நன்றாக அறிந்தவர்கள். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அதனால்தான் அவர்கள் கத்தியைத் தீட்டாமல் மரத்தில் வைக்கவே மாட்டார்கள். நம் காலத்தில் கத்தியைப் பார்த்துப் பயப்படும் வீடுகளில் பலவும் அந்தக் கத்தியால் சோறு தின்று வளர்ந்தவைதான்.

தீட்டுவது கடினமல்ல. ஆயிரம் எண் சாணைக்கல்லை நனைத்து, அலகைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அதில் பாதி சாய்த்தால் 45 டிகிரி, மறுபடி பாதி சாய்த்தால் இருபதை ஒட்டி வரும். அந்தச் சாய்விலேயே பக்கத்துக்குப் பத்து இழுப்பு, அழுத்தாமல். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான விளிம்பில் தீட்டலாம். விலை குறைந்த கத்தியின் நன்மை இங்கேதான் தெரியும். அதன் எஃகு ரொம்பக் கடினமில்லை, ஐந்து நிமிடத்தில் கூராகிவிடும்.

கூர் வந்துவிட்டதா என்று விரலில் பார்க்காதீர்கள். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேலிருந்து கீழே இழுங்கள். கிழியாமல் சரசரவென்று வெட்டினால் தேறிவிட்டது. இந்தப் பக்கத்தையே வெட்டிப் பார்க்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. படித்து முடித்துவிட்டீர்கள்தானே?