பழைய கணினிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளில் பல, லினக்ஸ் இயங்குதளத்தில் நன்றாகவே ஓடும்.

லினக்ஸ் பயிற்சி முகாம்களில் சொல்லித்தருபவன் நான். நிறுவும்போது வன்வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் புதியவர்களின் கை மவுஸை விட்டு விலகும். "போட்டோ எல்லாம் அழிஞ்சிடுமா சார்?" அந்தப் பயத்தைக் காணொளி போக்காது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதனால் முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் பதிப்பை இயக்கச் சொல்வேன். வன்வட்டில் இருப்பது அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் அவர்களே சோதிப்பார்கள். கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே நிறுவுவோம்.

இத்தகைய முகாம்களுக்கு மாவட்ட நூலகங்கள் மாதம் ஒரு ஞாயிறு இடம் தரட்டும். பக்கத்தில் இருந்து உதவக் கல்லூரிகள் மாணவர்களை அனுப்பட்டும். பிள்ளைகள் படிக்க வீட்டிலேயே ஒரு கணினி கிடைக்கும்.