கார் இல்லாமலே காஞ்சிபுரம்!

"ஒரு நாள் காஞ்சிபுரம் போயிட்டு வரணும்" என்ற பேச்சு சென்னையில் பல வீடுகளில் வருஷக்கணக்கில் பேச்சாகவே நிற்கிறது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்க வேண்டும், கார் சும்மா இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கக் கூடாது. வாடகைக் கார் என்றால் போய் வரும் செலவைக் கேட்டதும் அம்மாவோ மாமியாரோ, "வேண்டாம்மா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. அந்த 'இன்னொரு நாள்' மட்டும் வருவதில்லை.

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அதில் போய்த் திரும்புவது கஷ்டமே இல்லை. காஞ்சியில் நம் நாளைக் கெடுப்பது போக்குவரத்து அல்ல, கடிகாரம். பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். சாவகாசமாகக் கிளம்பி 11 மணிக்குப் போய் இறங்கினால் ஒரே ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு நாலு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். திட்டத்தை இந்த இடைவெளியை வைத்துத்தான் போட வேண்டும்.

ரயிலா, பஸ்ஸா?

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு மின்சார ரயில் உண்டு. டிக்கெட் டீ, வடை செலவுக்குள் அடங்கிவிடும். ஆனால் நேரடி ரயில்கள் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. அதனால் முதல் நாள் இரவே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பெரியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் கூட வந்தால் கடற்கரையில் ஏறுவதைவிடத் தாம்பரத்தில் ஏறுவது நல்லது. அங்கே ஸ்டேஷனிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறலாம், ரயிலில் உட்காரும் நேரமும் குறையும். 'காஞ்சிபுரம் கிழக்கு' என்று முன்னதாக ஒரு ஸ்டேஷன் வரும். அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள், அடுத்ததுதான் காஞ்சிபுரம்.

பஸ் என்றால் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒன்று, தாம்பரம், வாலாஜாபாத் வழியாக ஒன்று என்று இரண்டு பாதைகள். அடிக்கடி பஸ் உண்டு. இறங்குமிடம் ஊருக்கு நடுவே. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு பல ஊர் பஸ்கள் புறப்படும் இடம் மாறியிருப்பதால், உங்கள் பகுதியிலிருந்து எங்கே ஏறுவது என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

'மகளிருக்கு இலவசம்தானே' என்று சில்லறை இல்லாமல் ஏறிவிட வேண்டாம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். காஞ்சிக்குள் ஓடும் டவுன் பஸ்ஸில் அது செல்லும். சென்னையிலிருந்து காஞ்சி போகும் வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் சிபாரிசு: போகும்போது அதிகாலை ரயில், திரும்பும்போது பஸ். காலையில் கூட்டமில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம். மாலையில் ரயில் நேரத்துக்காக ஓட வேண்டியதில்லை.

12 மணிக்குள் மூன்று கோயில்

எட்டு, எட்டரைக்குள் ஊரில் இருந்தால் நிதானமாக மூன்று கோயில்கள் பார்க்கலாம். முதலில் காமாட்சி அம்மன். காஞ்சியில் பத்மாசனத்தில் அமர்ந்த கோலத்தில் இருப்பவள். ஊரில் இத்தனை சிவன் கோயில்கள் இருந்தும் எதிலும் அம்மனுக்கென்று தனிக் கருவறை இல்லை, எல்லாவற்றுக்கும் காமாட்சியே அம்மன் என்பது இந்த ஊர் வழக்கம். அடுத்து ஏகாம்பரநாதர். பஞ்சபூதத் தலங்களில் மண் தலம் என்பதால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் கிடையாது. 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே வழிகாட்டும். பிராகாரம் நீளமானது. நடக்க முடியாதவர்களை மாமரத்தடி வரை மெதுவாக அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றி வரலாம்.

மூன்றாவதாக, ஊரின் மேற்குக் கோடியில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் 58 சின்னச் சின்னச் சன்னிதிகள், சிலவற்றில் பழைய ஓவியங்களின் மிச்சம் இன்னும் தெரியும். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலை இடிக்கவில்லை. அதன் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் கல்வெட்டாகவும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். கூட்டம் இருக்காது, குழந்தைகளுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் 11 மணிக்கு மேல் தரைக்கல் பாதத்தைப் பொசுக்கும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

நடை சாத்திய பிறகு...

கைலாசநாதரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே பிள்ளையார்பாளையம். நெசவாளர்கள் நிறைந்து வாழும் பகுதி. கோயில் நேரத்தில் இங்கே வந்து நேரத்தைச் செலவழிக்காமல், நடை சாத்திய பிறகு வாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரையில் தோண்டிய குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து நெய்வார்கள். அசல் காஞ்சிப் பட்டின் அடையாளம் கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேலே. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும், தறி நின்றால் கூலியும் நிற்கும். கடையில் விலையைக் கேட்டு மலைக்கும் நமக்கு, அந்த விலைக்குள் எத்தனை பேருடைய நாட்கள் இருக்கின்றன என்பது இங்கே பத்து நிமிஷம் நின்றால் புரியும். யார் வீட்டிலும் கேட்காமல் நுழையாதீர்கள், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு.

"தறி காட்டறேன் வாங்க" என்று ஆட்டோக்காரரோ வழியில் சந்திப்பவரோ அழைத்தால், பெரும்பாலும் அது ஒரு கடை வாசலில் போய் முடியும். அழைத்து வந்தவருக்கான கமிஷன் நம் பில்லில்தான் ஏறும். நீங்களே போய்ப் பார்ப்பதுதான் லாபம்.

கல்யாணப் பட்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்களின் விற்பனை நிலையங்களைப் பாருங்கள். விலை ஒட்டியிருக்கும், பில் கிடைக்கும். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு காந்தி ரோடு கடைகளுக்குள் நுழைந்தால் யாரும் உங்களை அசைக்க முடியாது. சேலையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், கரை சேரும் இடத்தில் கோர்வை தெரிய வேண்டும். ஜரிகை இழையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவது நல்ல அறிகுறி. சில்க் மார்க் முத்திரை இருந்தால் பட்டு நூல் அசல் என்று அர்த்தம். அது ஜரிகைக்கான சான்று அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜரிகை என்ன ரகம் என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்துவிடுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் மட்டும் பல்லாயிரம் ரூபாய்ச் சேலையை எடுக்காதீர்கள். பஸ் செலவில் இன்னொரு முறை வந்தால் போயிற்று.

நாலு மணிக்கு வரதர்

சாப்பாட்டை முடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ கிழக்கே சின்ன காஞ்சிபுரம். அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது, அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் வரதராஜப் பெருமாள் கோயில் திறக்கும் நேரம். 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதியதே, அதே கோயில்தான். அவர் மறுபடி குளத்திலிருந்து எழுந்தருள 2059 ஆக வேண்டும். மூலவரைப் பார்க்க 24 படிகள் ஏற வேண்டும், முட்டிவலி உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. அதற்குப் படி கிடையாது.

பிரசாதக் கடையில் காஞ்சிபுரம் இட்லி இருக்கிறதா என்று கேளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது. நம் வீட்டு இட்லி மாதிரி மிருதுவாக இருக்காது, கெட்டியாகக் காரசாரமாக இருக்கும். மறுநாளும் கெடாது, வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறரைக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஏறும்முன் பூந்தமல்லி வழியா, தாம்பரம் வழியா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு எதிர்த்திசையில் போய் இறங்குவீர்கள். பௌர்ணமி, பெரிய முகூர்த்த நாள், வைகாசி கருட சேவை, பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் ஊரே நெரியும். பெரியவர்களோடு போவதென்றால் சாதாரண வார நாள்தான் சுகம்.

வேறு யாருடைய லீவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காலண்டரில் ஒரு புதன்கிழமையைப் பார்த்து வட்டம் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்: "வர்ற புதன்கிழமை, காலையில ஆறு மணிக்குள்ள தாம்பரம் ஸ்டேஷன்ல இரும்மா."

அடுத்த வாரம் வேறொரு ஊரில் சந்திப்போம்!